மாநாட்டில் பேச எதை அனுப்புவது?

கேள்வி: கோவையில் ஓர் ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பைத்தான் புரோகிராமராக இருக்கிறேன். 'பைத்தானில் தேதியும் நேரமும்: ஓர் அறிமுகம்' என்று சமூக மாநாடு ஒன்றுக்கு அனுப்பிய முன்மொழிவைத் திருப்பிவிட்டார்கள். எங்கள் தினசரி விற்பனை அறிக்கையில் தேதி மாறி விழுந்த பிழையைத் தேடிப் பிடித்து சரிசெய்தேன். அதிலிருந்து வந்த யோசனைதான் அது. கணக்குப் பிரிவினர் மாதக்கணக்கில் புகார் சொல்லியும் யாரும் கண்டுகொள்ளாத பிழை. 'டெக்னிக்கல் வேண்டாம், வேலைத்திறன் (கேட்பது, பேசுவது போன்ற சாஃப்ட் ஸ்கில்ஸ்) பற்றிப் பேசு, அது சுலபம்' என்கிறார் என் சீனியர். அடுத்த முறை எதை அனுப்பட்டும்? என் ஆங்கிலமும் அவ்வளவு சரளமில்லை.

பதில்: கூடவே அனுப்பியிருந்த முன்மொழிவைப் படித்தேன். தேதி, நேர வசதிகளை ஒவ்வொன்றாக விளக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே அவ்வளவும் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன அந்தப் பிழை முன்மொழிவில் எங்குமே இல்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து படிப்பவர்கள். 'ஓர் அறிமுகம்' என்று முடியும் தலைப்புகள் அவர்கள் முன்னால் குவிந்து கிடக்கும்.

உங்கள் பிழையைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. சர்வர் யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஒன்றாம் தேதி நள்ளிரவு 12.10-க்கு ஒருவர் புடவை வாங்கினால் டேட்டாபேஸில் அது முந்தைய நாள் 18.40 என்று பதிவாகும். அறிக்கை அந்தத் தேதியை வைத்தே கூட்டுவதால் விற்பனை முந்தைய நாளில், முந்தைய மாதத்திலேயே, போய் விழுகிறது. சாதாரண நாளில் நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் நடுவே வாங்குபவர்கள் குறைவு என்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. ஆடித் தள்ளுபடியை நள்ளிரவில் திறந்துவிட்டால் பட்டென்று தெரிந்துவிடும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கோடு ஒத்துப்பார்க்கும் அக்கவுண்டன்டுக்குத்தான் முதலில் தலைவலி. நீங்கள் பேச வேண்டியது இதைத்தான்.

இந்தச் சிக்கலுக்குள்ளேயே நிறையத் தொழில்நுட்பம் இருக்கிறது. பைத்தானின் தேதி-நேரத் தொகுதியான டேட்டைமில் இப்போதைய யுடிசி நேரத்தைக் கேட்கும் கட்டளை யுடிசிநவ். அது தருவது எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு ஒட்டப்படாத வெறும் நேரம். பைத்தானின் பல செயல்பாடுகள் அதை நிரல் ஓடும் கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். குழப்பம் பிறப்பதே அங்கேதான். பைத்தான் 3.12 பதிப்பில் யுடிசிநவ்வைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நேர மண்டலங்களைக் கையாளும் ஜோன்இன்ஃபோ 3.9-லிருந்து பைத்தானுக்குள்ளேயே வருகிறது. இந்த விஷயத்தில் வெளியாகும் கட்டுரைகளில் பாதி நியூயார்க்கின் கோடைக்கால நேர மாற்றத்தைப் பற்றியே பேசும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது, நம் தொல்லை அந்த அரை மணி நேரம்தான். வித்தியாசம் முழு மணிகளில்தான் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல் இங்கே உடைந்துபோகும். பக்கத்து நேபாளத்தில் இன்னும் மோசம், ஐந்தே முக்கால்!

ஆக, தலைப்பை 'நள்ளிரவு விற்பனை ஏன் நேற்றுக்குப் போனது?' என்பதுபோல மாற்றிப் பாருங்கள். சுருக்கத்தின் முதல் இரண்டு வரிகளில் பிழையைச் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் தருகிறார்கள் என்றால் எதற்கு எத்தனை நிமிடம் என்றும் எழுதுங்கள்: புகார் வந்த விதம் ஐந்து, தேடிப் பிடித்தது பத்து, திருத்தம் பத்து, கேள்விகளுக்கு ஐந்து. திருத்தத்துக்கு ஏன் பத்து என்றால், கேட்பவர்களுக்கு அங்கேதான் ஆர்வம். பழைய பதிவுகளை மாற்றினீர்களா, இல்லை அறிக்கைக்காக டேட்டாபேஸிடம் கேட்கும் வினவலை மட்டும் மாற்றினீர்களா? ஏற்கெனவே அனுப்பிய மாத அறிக்கைகள் என்ன ஆயின? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் குழுவில் இருந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

சீனியர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலைத்திறன் உரை சுலபம் இல்லை. 'நன்றாகக் கேளுங்கள், தெளிவாகப் பேசுங்கள்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதனாலேயே அவற்றில் பல எடுபடுவதில்லை. கையில் ஆதாரம் இருந்தால்தான் அது நிற்கும். உங்களிடம் அதுவும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கணக்குப் பிரிவு போட்ட டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) 'ரிப்போர்ட் தப்பா வருது' என்று மட்டும் இருந்திருந்தால் எந்த டெவலப்பரும் மூடிவிட்டுப் போய்விடுவார். எந்த ஆர்டர், எத்தனை மணிக்கு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், எதில் வந்திருக்கிறது என்ற நான்கும் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்த இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டு, இப்போது உங்கள் அலுவலகத்தில் படிவம் எப்படி மாறியிருக்கிறது என்று காட்டினால் அது நல்ல வேலைத்திறன் உரை. ஆனால் முதல் தடவை நிரல் பக்கமே போங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்ல உங்களுக்குப் பிடிமானம் அங்கேதான் அதிகம். டிக்கெட் கதை அதற்குள்ளேயே ஐந்து நிமிடம் வந்துபோகட்டும்.

அனுப்புவதற்கு முன் மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. உண்மையான ஆர்டர், வாடிக்கையாளர் பெயர், தொகை எதுவும் திரைக்கு வரக்கூடாது. பத்து வரி போலித் தரவு செய்துகொள்ளுங்கள், பிழை அதிலும் அப்படியே வரும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாடு போன்ற இடங்களில் பெரும்பாலான உரைகள் ஆங்கிலத்தில்தான். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள், நடுவில் ஒரு சொல் தப்பினால் மொத்தமும் நின்றுபோகும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும். கேள்வி புரியவில்லையென்றால் இன்னொரு முறை கேளுங்கள், புரிந்ததும் மைக்கில் திரும்பச் சொல்லுங்கள். வீடியோவில் பார்ப்பவர்களுக்கும் அது உதவும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

முதலில் சின்ன இடத்தில் பேசிப் பாருங்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழிலேயே பேசுகிறது, கோவையிலிருந்தே கலந்துகொள்ளலாம். சென்னைக்கு வர முடிந்தால் அங்குள்ள பைத்தான் குழுவான சென்னைப்பையின் கூட்டம் இருக்கிறது. பைகான் இந்தியா 2009-இல் பெங்களூரில் தொடங்கி 2019-இல் சென்னைக்கும் வந்துபோனது. அதன் பழைய உரைகள் யூடியூபில் இருக்கின்றன, பல ஆண்டுகளின் முன்மொழிவுகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. தேர்வானவை நான்கைந்து, ஆகாதவை நான்கைந்து எடுத்து அடுத்தடுத்துப் படியுங்கள். என் விளக்கத்தைவிட அது உருப்படியாக இருக்கும்.

மேடையில் இணையத்தை நம்பாதீர்கள். டெமோவை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலின் (கட்டளை தட்டும் திரையின்) பின்னணி வெள்ளையாகவும், எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியும் அளவிலும் இருக்கட்டும். ஸ்லைடில் தமிழ் இருந்தால் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், வேறொருவர் மடிக்கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிப் போகலாம்.

மறுபடியும் தேர்வாகவில்லை என்றாலும் மாநாட்டுக்குப் போங்கள். லைட்னிங் டாக் என்று ஐந்து நிமிட உரைகள் இருக்கும், பெரும்பாலும் அங்கேயே பெயர் கொடுத்தால் போதும். 12.10-க்கு வாங்கிய புடவை 18.40 ஆன கதையை ஐந்து நிமிடத்தில் தாராளமாகச் சொல்லிவிடலாம்.