காட்டுப்பன்றி என்றொரு போர் விமானம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், இந்திய விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஜூனியர் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். இப்போது காரிமங்கலம் பக்கத்தில் மாந்தோப்பு பார்த்துக்கொள்கிறார்.

அமெரிக்க விமானம் ஒன்றுக்குக் ‘காட்டுப்பன்றி’ என்று பெயராமே ஐயா? அவ்வளவு விலை போட்டுச் செய்த விமானத்துக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

செய்தவர்கள் வைக்கவில்லை அம்மா, ஓட்டினவர்கள் வைத்தது. ஏ-10 என்ற அந்த விமானத்துக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் ‘தண்டர்போல்ட்’, அதாவது இடி. ஆனால் ஆளைப் பாருங்கள். மூக்கில் ஏழு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் பீரங்கி துருத்திக்கொண்டு நிற்கும். இன்ஜின் இரண்டையும் முதுகில் தூக்கி வைத்திருப்பார்கள். தாழப் பறந்து டாங்கிகளை அடிப்பதுதான் அதன் வேலை. பார்த்தவுடன் விமானிகளுக்கு ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி ஞாபகம் வந்துவிட்டது. ‘வார்ட்ஹாக்’ என்றார்கள், அதுவே நிலைத்தது.

எஃப்-16க்கு ஏட்டில் ‘ஃபைட்டிங் ஃபால்கன்’ என்று ராஜாளிப் பெயர். ஓட்டுகிறவர்கள் ‘வைப்பர்’ என்று பாம்புப் பெயர்தான் சொல்வார்கள். எஃப்-4 ஃபான்டமுக்குக் ‘காண்டாமிருகம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. பிற்பாடு சூப்பர் ஹார்னட் வந்தபோது கடற்படைக்காரர்கள் அதே பெயரை அதற்கும் மாற்றிக் கொடுத்தார்கள். எஃப்-111 கதை இன்னும் வேடிக்கை. நீண்ட மூக்கைப் பார்த்து அதை ‘ஆர்ட்வார்க்’ என்றார்கள். அது ஆப்பிரிக்காவில் எறும்பு தின்னும் ஒரு பிராணி. இத்தனைக்கும் அரசாங்கம் அந்த விமானத்துக்குப் பெயரே வைக்கவில்லை. 1996-ல் அமெரிக்க விமானப்படை அதற்கு விடை கொடுத்த விழாவில்தான் பட்டப்பெயரை அதிகாரப்பூர்வமாக்கினார்கள்.

நம் பக்கம் எருது விடும் விழாவில் காளைக்கு பேனரில் ஒரு பெயர், கொட்டகையில் ஒரு பெயர் இருக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

ரஷ்ய விமானத்துக்கு ஃபிஷ்பெட், ஃபிளாங்கர், ஃபல்க்ரம் என்று இங்கிலீஷ் பெயர் எப்படி வந்தது?
– அச்சக உரிமையாளர், கிருஷ்ணகிரி

அதெல்லாம் எதிராளி வைத்த பெயர். சோவியத் விமானத்தின் நிஜப் பெயர் பல நேரம் வெளியே தெரியாது. அதனால் நேட்டோ நாடுகள், அதாவது அமெரிக்கா சேர்ந்த ராணுவக் கூட்டணி நாடுகள், தாங்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டன. சண்டை விமானம் என்றால் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கவேண்டும், குண்டுவீச்சு விமானம் என்றால் ‘பி’, சரக்கு விமானம் என்றால் ‘சி’. ஜெட் என்றால் இரண்டு அசை, புரொப்பெல்லர் என்றால் ஓரசை. மிக்-21 ஃபிஷ்பெட், மிக்-29 ஃபல்க்ரம், சுகோய்-30 ஃபிளாங்கர் குடும்பம். நம்மிடம் இருக்கும் ஆன்டனோவ்-32 ‘கிளைன்’. அது புரொப்பெல்லர் விமானம், அதனால் ஓரசையோடு முடிந்தது.

ரஷ்யர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் வேறு. மிக்-21-ன் முக்கோண இறக்கையைப் பார்த்து ‘பலலாய்க்கா’ என்றார்கள், அது அவர்கள் ஊர்த் தந்தி வாத்தியம். மிக்-27-ன் சப்பை மூக்குக்கு ‘வாத்தலகுப் பிராணி’ என்ற பெயர்.

நம் விமானப்படையும் அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. மிக்-27 பகதூர், மிக்-29 பாஸ், ஜாகுவார் ஷம்ஷேர், மிராஜ்-2000 வஜ்ரா, பெரிய இல்யூஷின்-76 கஜராஜ். விழா மேடையில் இவற்றைக் கேட்கலாம். டார்மாக்கில், அதாவது விமானம் நிறுத்தும் தளத்தில், நான் அதிகம் கேட்டதில்லை. எங்களுக்கு மிக்-21 எஃப்.எல். என்றால் ‘டைப் 77’, அடுத்து வந்தது ‘டைப் 96’, அதற்கும் பிறகு வந்தது ‘பிஸ்’. ஸ்டோரில் பாகம் கேட்கும்போது திரிசூலம், வஜ்ராயுதம் என்றெல்லாம் எழுதினால் எதுவும் வராது. டைப் எண்ணைச் சரியாக எழுதவேண்டும்.

மிக்-21-ஐப் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று எல்லாரும் எழுதுகிறார்களே. அதில் வேலை பார்த்த உங்களுக்குக் கோபம் வராதா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

வரும். ஆனால் கணக்கை மறைக்க முடியாது. 1971-லிருந்து மிக் ரகங்கள் மட்டும் 482 விபத்துகளைச் சந்தித்தன, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தக் குடும்பங்களிடம் போய் ‘பேர் சரியில்லை’ என்று நான் வாதாட முடியாது.

என் வருத்தம் வேறு. அந்த விமானத்தை எதற்காகச் செய்தார்கள், நாம் எதற்கெல்லாம் ஓட்டினோம் என்பதை யாரும் எழுதுவதில்லை.

மிக்-21 பிறந்தது ஒரே ஒரு வேலைக்கு. உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானத்தை, தரையிலிருந்து ரேடார்காரர் வழிகாட்ட, விருட்டென்று மேலே ஏறி அடித்துவிட்டு இறங்கவேண்டும். ஒற்றை இன்ஜின், சின்ன இறக்கை, கொஞ்சம் எரிபொருள், வேகம் மட்டும் ஒலியைப்போல் இரு மடங்கு. 1963-ல் சண்டிகரில் 28-வது ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, வந்தது. அடுத்து வந்த டைப் 77-க்கு உடம்போடு சேர்ந்த பீரங்கிகூடக் கிடையாது. ஏவுகணை இருக்கும்போது பீரங்கி எதற்கு என்ற காலம் அது. பிறகு வயிற்றுக்கடியில் 23 மில்லிமீட்டர் பீரங்கியை ஒரு பெட்டியாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். 1971 போரில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்றை வீழ்த்தியது அந்தப் பெட்டிதான்.

அதே போரில் டாக்கா பக்கம் என்ன நடந்தது? உயரத்தில் பறக்கவேண்டிய இதே மிக்-21-ல் 500 கிலோ குண்டு மாட்டி, தேஜ்காவ் ஓடுதளத்தில் பள்ளம் பறித்தார்கள். டிசம்பர் 14 அன்று, கூட்டம் நடந்துகொண்டிருந்த டாக்கா கவர்னர் மாளிகைமேல் ராக்கெட் விட்டதும் இதே விமானம்தான். அன்றைக்கே கவர்னர் ராஜினாமா எழுதினார். வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைக்காத வேலை.

சரி, அதுவரை பெருமை. அதற்கப்புறம்தான் அதை வாத்தியார் ஆக்கினோம். புது விமானிகள் மெதுவாகப் பறக்கும் பயிற்சி ஜெட்டிலிருந்து நேராக மிக்-21-ல் ஏறினார்கள். நடுவில் இருக்கவேண்டிய உயர்நிலைப் பயிற்சி விமானம் நம்மிடம் இல்லை. பிரிட்டனின் ஹாக் வந்து சேர்ந்தது 2008-ல். அதுவரை மணிக்கு 300 கிலோமீட்டருக்குமேல் வேகத்தில் தரையைத் தொடும், முன்பக்கம் சரியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விமானத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள் பாடம் படித்தார்கள். பழி மட்டும் விமானத்துக்கு.

காலையில் முதல் சார்ட்டிக்கு, அதாவது முதல் பறப்புக்கு, முன்னால் எல்லாரும் வரிசையாக நடந்து டார்மாக்கில் கல், ஆணி, கம்பித்துண்டு பொறுக்குவோம். ஒரு சின்னக் கல் போதும், கம்ப்ரசர் பிளேடு போச்சு. விமானம் திரும்பி வந்தால் வால்பக்கம் என் இடம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜெட் பைப்புக்குள் இடுப்புவரை நுழைந்து, டர்பைன் பிளேடில் விரிசலோ கருகலோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். உள்ளே அனல் அடங்கியிருக்காது. வெளியே வரும்போது சட்டை முழுக்கக் கரி, மண்ணெண்ணெய் வாடை. பக்கத்தில் இன்னொருவர் ஓடுதளத்தில் விழுந்து கிடந்த டெயில் ஷூட்டை, அதாவது பிரேக் பிடிக்க உதவும் பாராசூட்டை, எடுத்துக்கொண்டு போவார். அதை மறுபடி மடித்துத் திணித்தால்தான் அடுத்த சார்ட்டி. இதையெல்லாம் சவப்பெட்டிக்காக யாரும் செய்யமாட்டார்கள் தம்பி.

2025 செப்டம்பர் 26 அன்று, வந்திறங்கிய அதே சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். அறுபது வருஷத்துக்குமேல் ஓட்டியிருக்கிறோம். அதற்கு மாற்று வரத் தாமதமானதற்கு விமானம் என்ன செய்யும்?

ஜாகுவார் விமானம் முதலில் பயிற்சி விமானமாகத்தான் திட்டமிடப்பட்டதாமே, உண்மையா?
– பள்ளி ஆசிரியர், ஊத்தங்கரை

உண்மை. 1960-களில் பிரிட்டனுக்கு ஒலியை மிஞ்சும் பயிற்சி விமானம் வேண்டும், பிரான்சுக்குத் தரைத் தாக்குதலுக்கும் உதவுகிற மலிவான ஒன்று வேண்டும். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். எடை ஏறிக்கொண்டே போய், கடைசியில் வந்தது எதிரி நாட்டுக்குள் தாழப் புகுந்து அடிக்கும் விமானம். பயிற்சிக்கென்று பிரிட்டன் தனியாக ஹாக் செய்யவேண்டியதாயிற்று. அந்த ஹாக்கில்தான் இன்று பீதரில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெங்களூரு ஏரோ இந்தியாவில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் சூரியகிரண் குழு ஓட்டுவதும் ஹாக்தான். இரண்டுக்கும் அடூர் இன்ஜின் குடும்பம். ஜாகுவாரில் ஆஃப்டர்பர்னர், அதாவது வால்பக்கம் கூடுதலாக எரிபொருள் எரித்து வலு கூட்டும் அமைப்பு, உண்டு; ஹாக்கில் இல்லை.

நமக்கு ஜாகுவார் வந்தது 1979-ல். பிறகு மூக்கில் ரேடார் வைத்துக் கப்பல் அடிக்கும் ரகத்தையும் உண்டாக்கினோம். ஒரே குறை, இன்ஜினுக்கு வலு போதாது. பூமி உருண்டையாக இருப்பதால்தான் ஜாகுவார் தரையை விட்டுக் கிளம்புகிறது என்று விமானிகளிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு.

உலகத்திலேயே சிறந்த போர் விமானம் எது அங்கிள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், அரூர்

காலையில் தகராறு பண்ணாமல் ஸ்டார்ட் ஆவது.

சில நாள் வானத்தில் படார் என்று வெடிச்சத்தம் கேட்கிறது. ஜன்னல் அதிர்கிறது. விமானத்தையே காணோம்!
– இல்லத்தரசி, பென்னாகரம்

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் அதிர்வலை அப்படிக் கேட்கும். குவாரி வெடியும் நம் மாவட்டத்தில் உண்டு, அதனால் எல்லாப் பழியையும் விமானப்படைமேல் போடாதீர்கள். 2020 மே 20 அன்று பெங்களூரில் இப்படி ஒரு சத்தம் கேட்டு ஊரே பயந்தது. சோதனைப் பறப்பில் இருந்த விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தபோது வந்தது என்று விளக்கம் சொன்னார்கள். விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கேட்குமாம். அண்ணாந்து பார்த்துப் பயனில்லை.

தஞ்சாவூரில் இருக்கும் சுகோய் என்ன வேலை செய்கிறது? போர் விமானத்துக்குக் கடல் பக்கம் என்ன காரியம்?
– மாங்கூழ் ஆலைப் பணியாளர், காவேரிப்பட்டணம்

நல்ல கேள்வி. சுகோய்-30 ஃபிளாங்கர் குடும்பம் என்றேன் இல்லையா, அந்தக் குடும்பத்தை ரஷ்யா உருவாக்கியது வானத்தில் விமானத்தோடு விமானம் மோதுவதற்கு. நாம் வாங்கிய எம்.கே.ஐ. ரகம் 2002-ல் படையில் சேர்ந்தது. உடம்பு பெரியது, இரண்டு இன்ஜின், இரண்டு ஆள், எரிபொருளுக்கு நிறைய இடம். வசதி இருப்பவனிடம்தான் எல்லா வேலையும் வந்து சேரும். இரண்டரை டன் பிரம்மோஸ் ஏவுகணையை அதன் வயிற்றில் மாட்டி 2017 நவம்பரில் ஏவிப் பார்த்தார்கள். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் வந்த 222-வது ஸ்குவாட்ரனுக்கு ‘டைகர்ஷார்க்ஸ்’ என்று சுறாப் பெயர் இருப்பது சும்மா இல்லை. கடலில் வரும் கப்பல் அதன் கணக்கில் இருக்கிறது.

விமானப்படையில் உங்களுக்குப் பட்டப்பெயர் உண்டா?
– பெயர் வேண்டாம், தர்மபுரி

‘அண்ணா’. தெற்கத்தி ஆள் எல்லாருக்கும் வடக்கே அதுதான் பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்த பஞ்சாபி சார்ஜென்ட்டும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

நம் தேஜஸுக்குப் பட்டப்பெயர் ஏதும் ஒட்டிக்கொண்டதா?
– டிராக்டர் மெக்கானிக், தேன்கனிக்கோட்டை

‘தேஜஸ்’ என்று 2003-ல் பெயர் வைத்தது பிரதமர் வாஜ்பாய். அதற்கு முன்னால் இருபது வருஷமாக அது வெறும் ‘எல்.சி.ஏ.’, இலகுரகப் போர் விமானம். என் பழைய சகாக்கள் இன்றைக்கும் போனில் எல்.சி.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். மிக்-21 இடத்தைப் பிடிக்க 1983-ல் தொடங்கிய திட்டம், 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதலில் பறந்தது, 2016-ல் ஸ்குவாட்ரன் ஆனது. பிறகு சூலூருக்கு வந்த அந்த 45-வது ஸ்குவாட்ரன் ஒரு காலத்தில் மிக்-21 பிஸ் ஓட்டியது. கடற்படை ரகம் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கிக் காட்டியது, பயிற்சிக்கு இரண்டு இருக்கை ரகமும் உண்டு. பட்டப்பெயரை நானும் கேள்விப்படவில்லை. சூலூரில் டார்ச்சோடு ஜெட் பைப்புக்குள் நுழைகிற பையன்களைக் கேட்டால் ஒன்றிரண்டு சொல்வார்கள், பத்திரிகையில் போடும்படி இருக்குமா என்பதுதான் சந்தேகம்.