அடைப்புக்குறிக்குள் ஒரு தெலுங்கு

வணக்கம் அக்கா,

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இப்போது ஒரு கம்பெனியில் வேலை. இங்கிலீஷ் மெயில் படித்தால் உள்ளுக்குள் தமிழ் எட்டிப் பார்க்கிறது. மீட்டிங்கில் அதனாலேயே திணறுகிறேன். ‘இங்கிலீஷிலேயே யோசி’ என்கிறார் டீம் லீடர். தமிழைக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்துவைக்க வழி இருக்கிறதா? (வீட்டில் தெலுங்கு பேசுவோம், அது கணக்கில் இல்லை.)

கோபி

அன்புள்ள தம்பி,

வழி இல்லை. அப்படி ஒரு சுவிட்ச் யார் மண்டையிலும் கிடையாது. இரண்டு மொழி தெரிந்தவர் காதில் ஒரு சொல் விழ ஆரம்பித்ததுமே, அதை ஒத்த சொற்கள் இரண்டு மொழியிலும் விழித்துக்கொள்கின்றன. ஒன்று மேலே வரும், மற்றவை அடங்கிப்போகும். 1999இல் ஸ்பைவி, மரியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ரஷ்ய மொழியும் இங்கிலீஷும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, எதிரே பொருட்களைப் பரப்பி, தபால்தலையை எடுத்து வைக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னார்கள். தபால்தலைக்கு ரஷ்யச் சொல் ‘மார்க்கா’. பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்தால், அந்த மார்க்கர் பக்கமும் ஓடியிருக்கிறது. அங்கே யாரும் இங்கிலீஷ் பேசவே இல்லை.

உங்கள் கதைக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது 2007இல் தியரியும் வூவும் செய்தது. இங்கிலீஷ் நன்றாகவே தெரிந்த சீனர்களிடம் இங்கிலீஷ் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டி, பொருளில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். சில ஜோடிகளைச் சீனத்தில் எழுதினால் இரண்டிலும் ஒரே எழுத்து வரும். படித்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, ஆனால் மூளை அலைப் பதிவில் அந்த வித்தியாசம் விழுந்திருந்தது. உங்கள் டீம் லீடருக்கும் உள்ளே இதுதான் நடக்கும், அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மீட்டிங்கில் திணறுவது பாதி பயம். பேசப் பேசச் சரியாகும், விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த அடைப்புக்குறியைப் பார்த்துதான். கணக்கில் இல்லையா? யார் கணக்கில்?

கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன்னால், என் சித்தப்பா அங்கே ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆந்திரா லாரிக்காரர்களிடம் தெலுங்கு, சௌகார்பேட்டை சேட்டுகளிடம் இந்தி, மூட்டை தூக்குபவர்களிடம் தமிழ். பேரேடு தமிழில். ஆனால் நோட்டுக்கட்டை எடுத்து, ஈரப் பஞ்சில் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தால் ‘பதி, இரவை, முப்பை’ என்று தெலுங்குதான் வரும். நடுவில் யாராவது விலை கேட்டால் தமிழில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தெலுங்கில் தொடர்வார், ஒரு நோட்டு பிசகாது. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், தாய்மொழி போக வேறு என்ன பாஷை தெரியும் என்று கேட்டதற்கு இதே மனுஷன் சொன்ன பதில்: “இங்கிலீஷெல்லாம் வராதுங்க.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதிகம் படிக்காதவர். நீங்கள் படித்துவிட்டும் அதையே சொல்கிறீர்களே! ராயபுரத்தில் இருந்து வியாசர்பாடி வரை, வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, கடையில் ஒன்று என்று பேசுகிற ஜனம் எத்தனை. அதில் ஒன்று இங்கிலீஷாக இருந்தால்தான் ‘இரண்டு மொழி தெரிந்தவர்’ என்று பட்டம் கட்டுவோம் என்றால் இது என்ன நியாயம்?

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் கூட இருந்தவர்களும் மறதி நோய் வந்த 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஒன்றுக்கு மேல் மொழி தெரிந்தவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் பிந்தி வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். இதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லா ஆய்விலும் இதே முடிவு வரவில்லை. ஆனால் அங்கே தெலுங்கும் உருதுவும் கணக்கில் இருந்தன தம்பி, அதைப் பாருங்கள்.

அம்மாவிடம் தெலுங்கு பேசும்போதும் தமிழ் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அதை ஆஃப் செய்ய என்றைக்காவது வழி கேட்டீர்களா?

சரி, உங்கள் பயோடேட்டாவில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் தமிழ், இங்கிலீஷ் என்று மட்டும்தானே போட்டிருக்கிறீர்கள்? முதலில் அதைத் திருத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். மீட்டிங் சமாசாரத்தை அப்புறம் பேசுவோம்.

அக்கா