இசட் மதிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் தரவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தரப்படுத்தினால் மணி வடிவ இயல்நிலைப் பரவலாகிவிடுமா?

ஆகாது. தரப்படுத்துவது என்றால் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுப்பது; கிடைப்பதுதான் இசட் மதிப்பு. இதில் அலகுதான் மாறும், வடிவம் மாறாது.

கே: தரப்படுத்திய பிறகும் பி-மதிப்பு (உறவே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன விளைவு தற்செயலாக வரும் வாய்ப்பு) அப்படியே இருக்கிறது. மென்பொருளில் கோளாறா?

இல்லை. சாதாரண ரிக்ரஷனில் (மாறிகளைக் கொண்டு விளைவைக் கணிக்கும் நேர்கோட்டுச் சமன்பாடு) ஆர்-ஸ்கொயரும் (விளைவின் சிதறலில் மாறிகள் விளக்கும் பங்கு) சாய்வுகளின் பி-மதிப்பும் மாறக் கூடாது. இடைவினை உறுப்பு (இரு மாறிகளின் பெருக்கல்) இருந்தால் மட்டும் தனி மாறிகளின் பி-மதிப்பு மாறும். அங்கே முதலில் தரப்படுத்துங்கள், பிறகு பெருக்குங்கள். பெருக்கிய பின் தரப்படுத்தாதீர்கள்.

கே: இசட் மதிப்பு 3-ஐத் தாண்டினால் நீக்கு என்றார்கள். ஒன்றுகூடத் தாண்டவில்லை. தரவு சுத்தம்தானே?

மாதிரியின் அளவை எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறீர்கள். மாதிரியில் 10 பேர்தான் என்றால், 50 என்பதை 5000 என்று பதிந்திருந்தாலும் இசட் மதிப்பு 2.85-ஐத் தாண்டாது. அந்தத் தவறான எண்ணே திட்ட விலக்கத்தையும் ஊதிவிடுகிறது. இடைநிலை அளவிலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகல்களின் இடைநிலையை அளவுகோலாகக் கொள்ளுங்கள். சிக்கியதை உடனே நீக்காதீர்கள், மூலப் படிவத்தைப் புரட்டுங்கள்.

கே: படிக்கும் நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையிலான தரப்படுத்திய பீட்டா முதலாமாண்டில் 0.2, இறுதியாண்டில் 0.5. தாக்கம் இரண்டரை மடங்கு என எழுதலாமா?

கூடாது. மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளில் இந்த வாக்கியத்தை அடித்து அடித்து அலுத்துவிட்டேன். பீட்டா என்பது சாய்வு மட்டுமல்ல. சாய்வை மாறியின் திட்ட விலக்கத்தால் பெருக்கி, விளைவின் திட்ட விலக்கத்தால் வகுத்தது அது. இரு ஆண்டிலும் ஒரு மணி நேரம் கூடினால் 2 மதிப்பெண் கூடுகிறது என்று வையுங்கள். பிற காரணங்களால் வரும் சிதறலும் இரண்டிலும் 10 மதிப்பெண்தான். முதலாமாண்டினர் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் படிக்கிறார்கள், திட்ட விலக்கம் 1 மணி. இறுதியாண்டினரில் சிலர் மிகக் குறைவாகவும் சிலர் மிக அதிகமாகவும் படிக்கிறார்கள், திட்ட விலக்கம் 3 மணி. கணக்குப் போடுங்கள்: மதிப்பெண்ணின் மொத்தத் திட்ட விலக்கம் முதலாமாண்டில் √(2²+10²), அதாவது சுமார் 10.2; இறுதியாண்டில் √(6²+10²), அதாவது சுமார் 11.7. எனவே பீட்டா முதலாவதில் 2×1÷10.2, சுமார் 0.2; இரண்டாவதில் 2×3÷11.7, சுமார் 0.5. உங்கள் எண்களேதான், ஆனால் படிப்பின் பலன் இரண்டிலும் ஒன்று! நீங்கள் கண்டது நேரத்தின் சிதறலாகவே இருக்கலாம். மணிக்கு எத்தனை மதிப்பெண் என்ற மூலக் கெழுக்களை, அதாவது தரப்படுத்தாத சாய்வுகளை, ஒப்பிடுங்கள். இரு குழுவையும் ஒரே ரிக்ரஷனில் சேர்த்து இடைவினையைச் சோதியுங்கள். தரப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான திட்ட விலக்கத்தால் வகுங்கள். எதனால் வகுத்தீர்கள் என்பதை அட்டவணையின் அடியில் எழுதுங்கள்.

கே: ஆண்/பெண் என்ற 0, 1 மாறியையும் தரப்படுத்த வேண்டுமா?

வேண்டாம். பாலினம் ஒரு திட்ட விலக்கம் கூடினால் என்றால் யாருக்குப் புரியும்? எண் மாறிகளோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த எண் மாறிகளை இரண்டு திட்ட விலக்கத்தால் வகுங்கள். 2008-இல் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் சொன்ன வழி இது. பாதிக்குப் பாதி இருக்கும் 0, 1 மாறியின் திட்ட விலக்கம் 0.5 என்பதால் கணக்கு ஒத்துவரும்.

கே: கணிப்பை உருவாக்கும் பயிற்சித் தரவு, அதைச் சரிபார்க்கும் சோதனைத் தரவு இரண்டையும் சேர்த்துத் தரப்படுத்தலாமா?

கூடாது. பயிற்சித் தரவின் சராசரி, திட்ட விலக்கத்தையே சோதனைத் தரவுக்கும் பயன்படுத்துங்கள். அந்த எண்களையும் அட்டவணையில் தாருங்கள்.