போபால்: கரையில் வளர்ந்த நகரம்

கேள்வி: போபால் என்றதும் 1984-ஆம் ஆண்டின் விஷவாயுக் கசிவுதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஊரை 'ஏரிகளின் நகரம்' என்று அழைப்பது ஏன்?
(தஞ்சாவூர் வாசகி ஒருவர்)

பதில்: அந்த டிசம்பர் இரவில் மாண்டவர்களை மறக்கலாகாது, ஆனால் அந்த ஓரிரவோடு அவர்களுடைய ஊரையே நாம் முடித்துவிடுவது நியாயமன்று. பதினோராம் நூற்றாண்டில் பரமார மன்னர் போஜர் கோலான்ஸ் ஆற்றின் குறுக்கே மண்கரை எழுப்பி உண்டாக்கியதாக வழிவழியாகச் சொல்லப்படும் 'படா தாலாப்' என்ற பெரிய ஏரிதான் போபாலின் தாய். இன்று கமலா பூங்காவில் காலைநடை போகிறவர்கள் நடப்பது அந்தப் பழைய கரையின் மேல்தான். கரைக்குக் கிழக்கே இருக்கும் சின்ன ஏரி 1794-இல் உருவாக்கப்பட்டது. 1965-இல் பத்பதா என்னுமிடத்தில் 11 மதகுகளுடன் அணை கட்டிய பிறகு, பெரிய ஏரியின் நீர்ப்பரப்பு விரிந்து சுமார் 31 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. நல்ல மழைக்காலத்தில் அந்த மதகுகளைத் திறக்கும் நாளில், நம் ஊர்களில் கலிங்கு வழியும்போது திரள்வதைப் போலவே, அங்கும் குழந்தைகுட்டிகளோடு கூட்டம் கூடிவிடும்.

கேள்வி: அந்த ஊர் மக்களின் இயல்பு எப்படிப்பட்டது?
(மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: 1819-க்கும் 1926-க்கும் இடையே பெரும்பாலான காலம் நான்கு பேகம்கள் ஆண்ட ஊர் அது. அவர்களில் முதல்வரான குத்சியா பேகம் எழுப்பிய கௌஹர் மகால் இன்றும் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. பழைய நகரில் கடைவாசல்களிலுள்ள கற்பலகைகளைப் 'பட்டியா' என்பார்கள். இரவில் கடையடைத்த பின் அவற்றில் உட்கார்ந்து அரசியலும் கவிதையும் பேசுவது அவ்வூர் வழக்கம். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் காய்ச்சிய பால் தேநீர் சிறு கோப்பையில் வரும். முதல் மிடறில் நாக்கு திகைத்தாலும், இரண்டாவதில் அந்த உப்பு தித்திப்பைத் தூக்கிக் கொடுப்பது தெரியும். 'ஏரி என்றால் போபால் ஏரி, மற்றவையெல்லாம் குட்டை' என்ற பழமொழியை அவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமைக்குக் காரணமும் உண்டு: நகரத்தின் குடிநீரில் ஒரு பங்கு இன்னமும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது. ஆகவே 2002-இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்த நீர்நிலையின் பிடிப்புப் பகுதியில் வீட்டுமனைகள் பெருகுவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. போகிறவர்கள் மழை ஓய்ந்த அக்டோபரில் போய், மாலையில் மேற்கு நோக்கி அந்தக் கரையில் நில்லுங்கள். சூரியன் நீரில் இறங்குவதைப் பார்க்கலாம்.