குளிர்காலக் காசு: வறியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா?

தம்பி, நீர் கேட்டது ஒரு கேள்வி அல்ல, நாலு. வேலை விசாவில் வந்து லண்டன் ஹரோவில் பெரியம்மா வீட்டு மேல்மாடி அறையில் இருக்கிறீர். பெரியம்மாவுக்குக் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு 200 பவுண் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. 2024 குளிருக்கு வரவில்லை. உம்முடைய வேலையிடத்தில் ஒருவர், "எங்கள் வரிக்காசு பங்களாக் கிழவர்களுக்கும் போகிறது, இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?" என்று கேட்டாராம். உமக்கும் அது நியாயமாகப் படுகிறது. கூடவே உமக்கும் ஏதாவது கிடைக்குமா, எந்த ஹீற்றர் நல்லது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறதே என்ன செய்ய என்றும் கேட்டிருக்கிறீர்.

உமக்கு ஒன்றும் கிடைக்காது. பொதுநிதியில் கை வைக்கக்கூடாது என்று விசாவிலேயே போட்டிருப்பார்கள். பூஞ்சணத்துக்கு, ஈர உடுப்பை ரேடியேற்றரில் காயப்போடுவதை நிறுத்தும், காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடும். ஹீற்றர் கதை கடைசியில். வரிக்காசுக் கதைக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் குளிர் முழுக்க இதைக் கதைத்துக் கதைத்தே எனக்குத் தொண்டை வற்றிப்போனது.

இந்தக் காசு 1997-இல், கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக வந்த வருஷம் தொடங்கியது. முதலில் வெறும் 20 பவுண். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு 50. 2000-இல் அது 200 ஆனது. பிறகு 80 வயது தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு 300. பென்சன் வயது வந்த எல்லாருக்கும், உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், பெரும்பாலும் கேட்காமலே வங்கிக் கணக்கில் வந்து விழும். 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை நிறுத்தினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இனிப் பென்சன் கிரெடிற் மாதிரி வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி எடுப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார். அதை ரத்துச் செய்யச் சொல்லி வந்த பிரேரணை செப்டம்பரில் பாராளுமன்றத்தில் 348-க்கு 228 என்று தோற்றது. கிட்டத்தட்ட 11 மில்லியன் ஆட்கள் எடுத்த காசு ஒன்றரை மில்லியன் பேருக்குச் சுருங்கியது. உம்முடைய பெரியம்மாவின் 200 பவுணும் அப்போதுதான் போனது.

அந்த வெட்டு யார் தலையில் விழுந்தது என்று பாரும். தனி ஆளுக்குப் பென்சன் கிரெடிற் எல்லை அந்த வருஷம் கிழமைக்கு 218.15 பவுண், வருமானம் அதற்குக் கீழே இருந்தால்தான் கிடைக்கும். புதிய முறையில் முழு அரச பென்சன் 221.20 பவுண். உழைத்த காலம் முழுக்கச் சம்பளத்தில் கழிக்கும் நஷனல் இன்சூரன்ஸ் கட்டி, அரச பென்சனைத் தவிர வேறு ஒரு சதமும் இல்லாமல் தனியே இருக்கும் ஒரு மனுஷி, கிழமைக்கு 3 பவுண் 5 பென்ஸ் கூட எடுக்கிறார் என்று சொல்லி 200 பவுணை இழந்தார். உம்முடைய நண்பர் சொன்ன பங்களாக் கிழவர் இவரா?

சரி, அந்த எல்லைக்குக் கீழே இருந்தவர்களாவது எடுத்தார்களா? தகுதி இருந்தும் பென்சன் கிரெடிற் எடுக்காத குடும்பங்கள் 880,000 வரை இருக்கும் என்பது அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடு. எடுத்தால் சராசரி வருஷத்துக்கு 3,900 பவுண் என்று அவர்களே விளம்பரமும் போட்டார்கள். அப்படியிருந்தும் ஏன் எடுக்கவில்லை? படிவத்தைக் கண்டால் தெரியும். 2024-இல் அதில் 200-க்கு மேல் கேள்விகள் இருந்தன.

கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டிக் கொடுக்கும் ஒரு அக்காவுக்கு அந்தப் படிவத்தை நான்தான் இருந்து நிரப்பிக் கொடுத்தேன். பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் கடிதங்கள். பாதி உடைக்கவே இல்லை. சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வியை நான் வாசித்ததும் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டார். சீட்டுக் காசு கொஞ்சம் கிடந்தது. 10,000 பவுண் மட்டும் பார்க்கமாட்டார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 500-க்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் என்று கணக்கெடுப்பார்கள், அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தி இருத்தினேன். அடுத்தது வெளிநாட்டில் சொத்து இருக்கிறதா என்ற கேள்வி. இணுவிலில் தகப்பன் விட்ட காணி, சகோதரங்களுக்குள் பிரிக்காமலே கிடக்கிறது. ஒருவர் கனடாவில், ஒருவர் காலமாகிவிட்டார், காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. அதில் இவருடைய பங்கு பவுணில் எவ்வளவு என்று எதை எழுதுவது? பிறகு மெல்லக் கேட்டார், தாலிக்கொடியையும் எழுத வேணுமா என்று. வேண்டாம் அக்கா, போட்டிருக்கும் நகை கணக்கில் வராது என்றேன். நம்பவில்லை. கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத்தான் மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

இதைவிட இன்னொரு சங்கதி. பென்சன் கிரெடிற் எடுப்பவர் பொதுவாக நாலு கிழமைக்கு மேல் நாட்டை விட்டு வெளியே நிற்கக்கூடாது. முந்தி 13 கிழமை இருந்தது, 2016-இல் குறைத்துவிட்டார்கள். நல்லூர்த் திருவிழாவே 25 நாள். கொடியேற்றத்துக்கு முன்னம் போய்ப் பூங்காவனம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கழுத்தில் கத்தி. அதற்குப் பயந்தே படிவத்தைத் தொடாத ஆட்களை எனக்குத் தெரியும். காசு போனாலும் பரவாயில்லை, கந்தனைப் பார்க்காமல் விடமாட்டேன் என்பார்கள். அவர்களோடு வாதாட என்னால் முடியாது.

இல்லாதவனுக்கு மட்டும் கொடு என்று சொல்வது வாய்க்கு லேசு. இல்லாதவன் தான் இல்லாதவன் என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் இங்கிலிஷில், அதுவும் எழுபத்தைந்து வயதில். வெள்ளைக்காரக் கிழவர்களும் இதில் எங்கள் சனம் மாதிரித்தான். இல்ஃபோர்டில் நாங்கள் முதல் வீடு வாங்கிய காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு விதவை மனுஷி இருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, முழங்காலில் புருஷனின் பழைய கோட்டைப் போர்த்துக்கொண்டு முன்னறையில் மட்டும் இருப்பார். மிச்ச அறைகளில் மூச்சு விட்டால் புகை தெரியும். கவுன்சிலில் உதவி எடுத்துத் தரட்டுமா என்று கேட்ட என் மனைவியோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதே மனுஷி அந்தக் குளிர்காலக் காசை மட்டும் எடுத்தார். எல்லாருக்கும் வருகிறது, எனக்கும் வருகிறது என்று அவருக்கு மனம் ஆறியது.

இப்போது என்ன முறை என்று கேட்டால், 2025 ஜூனில் அரசாங்கம் பின்வாங்கிவிட்டது. எல்லாருக்கும் காசு வரும். வருஷ வருமானம் 35,000 பவுணுக்கு மேல் உள்ளவரிடமிருந்து அதை வரித் திணைக்களம் திருப்பி எடுத்துக்கொள்ளும். இதிலும் கோணல் இருக்கிறது. கணக்கு ஆளுக்கு ஆள், வீட்டுக்கு அல்ல. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கு 34,000 எடுத்தால் ஒன்றும் போகாது. தனியே இருக்கும் ஒருவர் 35,100 எடுத்தால் முழுவதும் போய்விடும். முதலில் 1.4 பில்லியன் மிச்சம் என்றவர்களுக்கு இப்போது மிஞ்சுவது 450 மில்லியன் அளவில்தான். ஆனாலும் எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. உள்ளவனுடைய வருமானம் வரிக்காரரின் கணினியில் ஏற்கெனவே கிடக்கிறது. அவனைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை. அக்கா ரின்னைத் திறக்கத் தேவையில்லை.

உம்முடைய நண்பர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மூன்று வீடு வாடகைக்கு விட்டு, கலியாண மண்டபத்தில் பேரப்பிள்ளையின் பிரைவேற் பள்ளிக்கூடக் கட்டணத்தை எல்லாருக்கும் கேட்கச் சொல்லும் ஆட்கள், 2024-இல் அந்த 200 பவுண் நின்றவுடன் நாடே தங்களைக் கைவிட்டது மாதிரிப் புலம்பினார்கள். இன்னும் சிலர் கிறிஸ்மஸுக்கு முன்னம் யாழ்ப்பாணம் போய் வேப்பமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு லண்டன் குளிருக்கான காசை எடுப்பார்கள். சட்டத்தில் பிழையில்லை, நிரந்தரமாக இங்கே இருக்கும் ஆள் என்றால் குளிருக்கு எங்கே போனாலும் காசு வரும். எனக்குத்தான் கேட்க வயிறு எரியும். வேறொரு வகை, ஊரில் மாபிள் போட்ட மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்துவிட்டு இங்கே ஹீற்றிங்கைப் போடாமல் நடுங்கும் வகை. அந்த வீட்டுக்குப் போனால் கோட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடிப்பேன்.

நான் வந்து இறங்கியது 1991 ஜனவரியில். ஈஸ்ற் ஹாமில் ஒரு வீட்டின் பின்னறையில் ஆறு பேர். சுவரில் 50 பென்ஸ் போடும் மின்சார மீற்றர். காசைப் போட்டுத் திறப்பைத் திருகினால் இரண்டு கம்பி ஹீற்றர் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் டொக் என்று வெளிச்சத்தோடு சேர்த்து எல்லாம் நிற்கும். வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் ஊர் ஆள்தான். மீற்றர் காசைக் கெதியாகத் தின்னும்படி அவரே திருகி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. கோயிலில் பெரிய உபயகாரர். இரவில் ஜக்கெற், தொப்பி, இரண்டு சோடி காலுறையோடு படுப்போம். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலைக்கு எங்களுக்குள் அடிபிடி. சம்பளம் ஒன்றும் கூட இல்லை. கல்லாவுக்குக் கீழே முதலாளி ஒரு ஹீற்றர் வைத்திருந்தார், விடிய விடியக் கால் சூடாக இருக்கும். இன்றைக்கு ரேடியேற்றருக்குள் காற்று நின்றால் நானே திறப்புப் போட்டுத் திறந்து விடுவேன். பொயிலரில் அழுத்தம் ஒன்றுக்குக் கீழே போனால் நானே தண்ணீர் ஏற்றுவேன். ஒருத்தனையும் கூப்பிட்டது கிடையாது.

அந்தப் பெற்றோல் ஷெட் கதையில் உமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எங்களோடு நின்ற பலர் கையில் காசு வாங்கித்தான் வேலை செய்தார்கள், நஷனல் இன்சூரன்ஸ் ஒரு சதம் கட்டவில்லை. வரி மிச்சம் என்று சிரித்தார்கள். அரச பென்சன் எடுக்க ஆகக் குறைந்தது 10 வருஷம், புதிய முறையில் முழுவதும் எடுக்க 35 வருஷம் கட்டியிருக்க வேண்டும். இன்றைக்கு அவர்களின் பென்சன் கடிதத்தைப் பார்த்தால் கண்ணீர் வரும். பென்சன் கிரெடிற் அவர்களுக்காகவே உண்டாக்கின மாதிரி இருக்கும், ஆனால் போய்க் கேட்க வெட்கம். நீர் சட்டப்படி சம்பளச் சீட்டோடு வேலை செய்கிறீர், நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை உம்முடைய நஷனல் இன்சூரன்ஸ் பதிவை இணையத்தில் பாரும். பின்னேரத்தில் கடையில் நின்றால் கையில் காசு தருகிறோம் என்று யாராவது மாமா சொல்வார். விசா நிபந்தனைக்கே ஆபத்து, போகாதேயும்.

பெரியம்மா பிள்ளைகள் கூப்பிட்டு வந்தவரா, இங்கே வேலை செய்தவரா என்று நீர் எழுதவில்லை. பிள்ளைகள் பொறுப்பேற்றுக் கூப்பிட்ட பெற்றோர் பொதுவாக ஐந்து வருஷத்துக்குப் பென்சன் கிரெடிற் கேட்க முடியாது. அந்தக் காலம் முடிந்ததும் கேட்கலாம் என்று பிள்ளைகளே மறந்துவிடுவார்கள். அரச பென்சனோ வேறு உதவியோ எடுக்காதவர்களுக்குக் குளிர்காலக் காசும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். உம்முடைய பெரியம்மாவுக்குக் கடிதம் தானாக வந்தபடியால் அவர் ஏதோ ஒன்று எடுக்கிறார். குளிக்க, உடுக்க ஒருவர் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார் என்றால் அற்றென்டன்ஸ் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வருமானமே பார்ப்பதில்லை. அது கிடைத்தால் பென்சன் கிரெடிற் எல்லையும் சில வேளை உயரும், முந்தி இல்லை என்றவர்களுக்கும் கிடைக்கும்.

ஹீற்றர் ஒன்றும் வாங்காதேயும். பெரியம்மா வீட்டில் கேஸ் பொயிலர் வேலை செய்கிறது என்றால் மின்சார ஹீற்றர் போடுவது விசர் வேலை. ஒரு யூனிற் மின்சாரம் கேஸைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை. உம்முடைய அறை ரேடியேற்றரின் மேல்பக்கம் குளிர்ந்தும் கீழ்ப்பக்கம் சுட்டுக்கொண்டும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. திறப்பு எந்த இரும்புக்கடையிலும் ஒரு பவுண், இரண்டு பவுணுக்கு வாங்கலாம். கீழே ஒரு பழந்துணி பிடியும், கறுப்புத் தண்ணீர் வரும்.

பெரியம்மாவின் பிறந்த திகதியையும் ஒருக்கால் பாரும். செப்டம்பர் மூன்றாம் கிழமை முடியுமுன்னம் அவருக்கு 80 முடிந்து, வீட்டில் பென்சன் வயது வந்த வேறு ஒருவரும் இல்லை என்றால், கடிதத்தில் 200 அல்ல, 300 இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு நாளைக்கே அடித்துக் கேளும். லைனில் காக்க வைப்பார்கள், வைத்துவிடாதேயும்.