அப்பாவுக்கு வர்றது வாயுத் தொல்லைதானா?

அப்பாவுக்கு 58 வயசு, ரொம்ப வருஷமா சர்க்கரை, மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குது, உட்கார்ந்தா சரியாயிடுது, ஈசிஜி நார்மல், அதனால கேஸ்தான்னு சோடா குடிச்சுட்டுப் படுத்துடறார்னு எழுதியிருக்கீங்க.

நடந்தா வந்து நின்னா போற அடைப்பை வாயுன்னு தள்ளிவிடாதீங்க. வாயு படிக்கட்டு பார்த்து வராது. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, ரத்தக்குழாயில அடைப்பு இருந்தாலும் நார்மலா வரலாம். நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்க. எக்கோவா (இதய ஸ்கேன்), ட்ரெட்மில்லா (நடக்க வெச்சு எடுக்கிற ஈசிஜி), ஆஞ்சியோவான்னு (ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கிற டெஸ்ட்) அவர் சொல்வார். அதுவரைக்கும் "நடந்தா சரியாயிடும்"னு அப்பா கிளம்பினா விடாதீங்க.

சர்க்கரை உள்ளவங்களுக்கு வலியே இல்லாம, வெறும் வேர்வை, மூச்சு வாங்கல், அசதின்னுகூட அட்டாக் வரும். உட்கார்ந்தும் அடைப்பு விடலைன்னாலோ, கை, தாடைன்னு வலி பரவினாலோ உடனே 108. பைக்ல நடுவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போற வேலையே வேண்டாம். தமிழ்நாட்டுல 2023லேர்ந்து 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரை தர்றாங்க. பெரிய ஆஸ்பத்திரி தூரம்னா இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நீங்க கேட்ட பூண்டு வைத்தியமெல்லாம் அப்புறம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். குழம்புல குறைச்சுட்டு, தயிர் சாதத்துக்கு மாவடுவும் அப்பளமும் வெச்சா கணக்கு உதைக்கும். பீடி, சிகரெட் உண்டான்னு நீங்க சொல்லலை. இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க. போறப்ப பழைய ஈசிஜி, சர்க்கரை மாத்திரைச் சீட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.