விதையில்லாத் தர்பூசணியில் பிஞ்சு நிற்காதது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். முதல் முறையாக விதையில்லாத் தர்பூசணி போட்டிருக்கிறேன். கொடி நன்றாக ஓடியிருக்கிறது, பூவும் நிறைய. ஆனால் பெண்பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு மூன்று நான்கு நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. போரானும் வளர்ச்சி ஊக்கியும் தெளித்துப் பார்த்தேன், பயனில்லை. விதையோடு இன்னொரு சின்னப் பாக்கெட் தந்தார்கள். அதில் இருந்தது விதையுள்ள ரகம். பக்கத்தில் நட்டால் மகரந்தம் கலந்து என் பழத்திலும் விதை வந்துவிடுமே என்று அதை விதைக்கவில்லை. குரோமோசோமை மாற்றிச் செய்த விதை என்கிறார்களே, இது மரபணு மாற்றப் பயிரா? அடுத்த பட்டத்துக்கு விதையை நானே தயாரிக்க வழி உண்டா?

பதில்: பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்னப் பாக்கெட்தான் உங்கள் பிஞ்சுகளுக்கு வேண்டியது. வயலில் உயிருள்ள மகரந்தம் இல்லை. சத்துக் குறையோ நோயோ இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. தெளிப்பதை நிறுத்துங்கள்.

முதலில் இருக்கிற பயிரைப் பார்ப்போம். இப்போது விதைத்தால் அது முளைத்துப் பூக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் உங்கள் கொடி தளர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாராவது சாதாரண, விதையுள்ள தர்பூசணி போட்டிருந்தால் அங்கிருந்து ஆண்பூக்களைக் கேட்டு வாங்குங்கள். அன்று காலை மலர்ந்த பூவாக இருக்க வேண்டும். இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் மகரந்தப் பகுதியைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேயுங்கள். சூல்முடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் மகரந்தம் படவேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு மூன்று ஆண்பூ செலவழித்தாலும் தகும். பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதனால் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிடித்த பிஞ்சு இரண்டு மூன்று நாளில் பருத்துப் பளபளப்பாகும். பூசணி, வெள்ளரி, முலாம்பழப் பூக்களைக் கொண்டுவந்து தேய்த்தால் பலன் இருக்காது. தர்பூசணிக்குத் தர்பூசணி மகரந்தமே வேண்டும்.

சரி, வயல் நிறைய ஆண்பூ பூத்திருக்கும்போது ஏன் வெளியூர் மகரந்தம்? இங்கேதான் நீங்கள் கேள்விப்பட்ட குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை, வருகிறது.

சாதாரணத் தர்பூசணியின் ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள், அதாவது 11 ஜோடி. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது ஜோடி பிரிந்து ஆளுக்கு 11 வரும். இரண்டும் சேர்ந்தால் மறுபடி 22. உங்கள் வயலில் இருக்கும் செடிக்கு 33 குரோமோசோம்கள். ஜோடிக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் மூன்று. இரண்டு பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போனதும் மூன்றாவது எந்தப் பக்கம் போவது? கண்டபடி போகும். இப்படி 11 தொகுதியும் தனித்தனியாகப் பிரியும்போது, ஒரு மகரந்தத்துக்குச் சரியாக 11 அல்லது சரியாக 22 வந்து சேரும் வாய்ப்பு, கணக்குப்படி 1,024-இல் ஒன்று. மற்றவை குறையும் கூடுதலுமாகி மலடாகின்றன. சூல்முட்டைக்கும் இதே கதிதான், பழத்தில் விதை இல்லாததும் அதனால்தான். ஆண்பூ மலடு என்பதும் பழத்தில் விதையில்லை என்பதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் வாங்க முடியாது.

நீங்கள் பயந்தது போல, விதையுள்ள ரகத்தின் மகரந்தம் பட்டாலும் விதை வராது. அந்த மகரந்தம் சூல்பையில் ஹார்மோன்களைக் கிளப்பிக் காயை வளரச் செய்யும், அவ்வளவே. உள்ளே மெல்லிய வெள்ளை விதைத்தோல்கள் தெரியும். அவை வளராமல் நின்றுபோன விதைகள், பழத்தோடு சாப்பிட்டுவிடலாம். எப்போதாவது ஒன்றிரண்டு கறுப்பு விதை தென்பட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1,024-இல் ஒன்று என்பது சுழி அல்லவே. வாழையிலும் நாம் சாப்பிடும் பெரும்பாலான ரகங்களுக்கு இதே 33 குரோமோசோம்கள்தான். ஆனால் வாழைக்கு மகரந்தமே இல்லாமல் காய் பருக்கும் குணம் இயல்பாக உண்டு, தர்பூசணிக்கு அது கிடையாது.

இந்த விதையை உருவாக்கியவர் ஜப்பானிய மரபியலாளர் ஹிட்டோஷி கிஹாரா. அவருடைய முதன்மை ஆய்வு தர்பூசணியில் இல்லை, கோதுமையில். கோதுமை இனங்களில் சிலவற்றுக்கு 14, சிலவற்றுக்கு 28, சிலவற்றுக்கு 42 குரோமோசோம்கள் என்பது 1918-இல் தெரிந்துவிட்டது. எல்லாமே ஏழின் மடங்கு. கிஹாரா 28 உள்ளதையும் 42 உள்ளதையும் மகரந்தம் இட்டுக் கலப்பு செய்தார். பிறந்த செடிக்கு 35. நுண்ணோக்கியில் பார்த்தபோது 14 ஜோடி சேர்ந்திருந்தன, ஏழு மட்டும் துணையில்லாமல் தனித்து நின்றன. துணை இருப்பவை இரண்டு இனத்துக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தவை, தனித்து நிற்கும் ஏழும் வேறொரு செடியிடமிருந்து பிற்பாடு வந்து சேர்ந்தவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். யாரோடு யார் ஜோடி சேர்கிறார்கள் என்பதை வைத்தே பயிரின் வம்சாவளியை எழுதிவிடலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம். அந்த ஏழும் வந்த செடி எது என்பதற்கு 1944-இல் விடை கிடைத்தது. வயலோரங்களில் களையாக முளைக்கும் ஒரு காட்டுப்புல். அதே ஆண்டில் அமெரிக்காவில் மெக்ஃபேடன், சியர்ஸ் என்ற ஆய்வாளர்களும் தனியாக ஆராய்ந்து அதே புல்லைச் சுட்டினார்கள்.

குரோமோசோம் தொகுதி ஒற்றைப்படையானால் விதை சரியாகப் பிடிக்காது என்பதைக் கோதுமையில் பார்த்துப் பழகியவருக்கு, அதையே வேண்டுமென்று செய்தால் விதையில்லாப் பழம் கிடைக்கும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. கோல்ச்சிசின் என்ற பொருள் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் என்பது 1937-இல் தெரியவந்திருந்தது. இளம் குருத்தில் அதை இட்டால், குரோமோசோம் இரண்டாகும் ஆனால் செல் பிரியாது. அப்படி 44 குரோமோசோம் உள்ள தர்பூசணியை உருவாக்கி, அதைத் தாயாக வைத்து, 22 உள்ளதன் மகரந்தத்தை இட்டால் 33 உள்ள விதை கிடைக்கும். இந்தத் தர்பூசணி பற்றி 1951-இல் அவர் ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட்டார்.

ஆகவே உங்கள் செடி மரபணு மாற்றப் பயிர் அல்ல. வேறு உயிரின் மரபணு எதுவும் உள்ளே போகவில்லை. தர்பூசணியின் சொந்தக் குரோமோசோமே ஒரு பங்கு கூடுதலாக இருக்கிறது. குரோமோசோமைப் பெருக்கும் வேலையை இயற்கையே நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறது. ரொட்டிக் கோதுமை அப்படி வந்ததுதான். உலகில் அதிகம் பயிராகும் பருத்தி இனத்துக்கு 52 குரோமோசோம்கள். தலா 26 உள்ள இரண்டு பருத்திகள் மனிதன் தோன்றுவதற்கு முன்பே கலந்து பிறந்த இனம் அது.

சொந்த விதை? இந்தப் பழத்திலிருந்து கிடையாது. தயாரிக்க வேண்டுமானால் 44 குரோமோசோம் உள்ள தாய் வரிசையைப் பல தலைமுறை பேணவேண்டும், அதன் பழத்தில் விதையும் குறைவு. தாயும் தந்தையும் மாறிவிட்டால், அதாவது 22-ஐத் தாயாக வைத்தால், தேறும் விதை கிடைக்காது. விதை விலை கூடுதலாக இருப்பதும் இதனால்தான். கண்வலிக்கிழங்கில் கோல்ச்சிசின் இருக்கிறது, அரைத்து ஊறவைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். ஆளைக் கொல்லும் விஷம் அது. நீங்கள் சேமிக்கக்கூடியது துணை ரகத்தின், அதாவது அந்தச் சின்னப் பாக்கெட்டில் இருக்கும் விதையுள்ள ரகத்தின், விதையை மட்டுமே. அது வீரிய ஒட்டு ரகமாக இல்லாமல் இருந்து, சுற்றுவட்டத்தில் வேறு தர்பூசணியும் இல்லையென்றால் குணம் மாறாமல் வரும். உங்கள் விதையில்லாச் செடியின் மகரந்தம் மலடு என்பதால் அதனால் கலப்பு வருமோ என்ற கவலை இல்லை.

அடுத்த முறை இரண்டு அல்லது மூன்று விதையில்லாச் செடிக்கு ஒரு துணைச் செடி என்று நடுங்கள். தனி வரிசையாக நட்டாலும் சரி, ஊடே நட்டாலும் சரி. பழத்தோலின் கோடு வேறாக இருக்கும் ரகமாகப் பார்த்தால் அறுவடையில் குழப்பம் வராது. பூக்கும் நாட்களில் காலையில் மருந்தடிக்காதீர்கள். தேனீ ஒரு தடவை வந்து போனால் போதாது, ஒரே பூவுக்குப் பல தடவை வரவேண்டும். அடித்தே ஆகவேண்டிய பூச்சிமருந்தை மாலையில், தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள். விதையில்லா ரகத்தை நேரே வயலில் ஊன்றாமல் தட்டில் நாற்றுவிடுங்கள். விதைத்தோல் தடிமனானதால் முளைக்கத் திணறும். 30 டிகிரி அளவு வெப்பம் வேண்டும், ஈரம் மிதமாக இருக்கவேண்டும், சொதசொதவென்று நனைத்தால் அழுகிவிடும். கூர்முனை மேலே பார்க்க ஊன்றினால் தோல் விதையிலையில் ஒட்டிக்கொண்டு வருவது குறையும். அப்படியும் ஒட்டியிருந்தால், ஈரம் இருக்கும்போதே விரலால் மெல்ல கழற்றிவிடுங்கள்.